கேத வீட்டிலிருந்து போன இலுப்பைப் பூ

அப்பா தை மாதக் கடைசியில் இறந்தார். அன்று மதியம் அவர் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் திரையின் மேல் அக்காவின் பெயர் வந்தது.

அக்கா கறம்பக்குடிப் பக்கம் மாமியார் வீட்டில் இருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். முந்தைய வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. பிள்ளைத்தாச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது, அவளைக் கூட்டி வர வேண்டாம் என்று அம்மாவே சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அழைப்பைத் துண்டித்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் துண்டித்தேன்.

கடல் தாண்டி இருந்த மருமகன் பார்த்த முகத்தை, இரண்டு பஸ் தூரத்தில் இருந்த மகள் பார்க்கவில்லை.

அதன் பிறகு அக்கா அம்மாவிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். எப்போது கூப்பிட்டாலும் அவளுடைய மாமியார்தான் எடுப்பார். "நல்லாத்தான் இருக்கா ஆத்தா, இப்பத்தான் படுத்தா" என்பார். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் அதே பதில்தான்.

பங்குனி வந்தது. ஏழாம் மாதம். வழக்கப்படி அந்த மாதம் நாங்கள் தட்டுத் தட்டாகப் பலகாரமும் வளையலும் எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு வளைகாப்பு போட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் கேதம், அதாவது சாவு, நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு இனிப்புக்காக அடுப்பு எரியக் கூடாது. பாகு காய்ச்சக் கூடாது, பலகாரச் சட்டி வைக்கக் கூடாது. தீபாவளி, பொங்கல் எது வந்தாலும் அப்படித்தான். அடுத்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிடலாம், நாங்களாகச் செய்து யாருக்கும் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். வளைகாப்பைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் சும்மா கடந்துகொண்டிருந்தது.

சும்மா இருப்பது எனக்கு வராது. தாவரவியல் படித்துவிட்டு, போட்டித் தேர்வுக்குத் தயாராகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மாதத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறவள் நான். வீட்டில் காளான் வளர்த்திருக்கிறேன். சோப்பு காய்ச்சிக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். எதைப் பார்த்தாலும் படம் எடுத்து, பெயர் தேடி, தின்னலாமா என்று கேட்பேன். ஒரு நாள் காலையில் தேர்வு வகுப்புக்குக் கிளம்பி, கொடும்பாளூர் சாலையில் புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கக் கண்மாய்க் கரை வழியாக ஸ்கூட்டியில் போனபோது, வண்டி லேசாக வழுக்கியது. காலை ஊன்றிக் கீழே பார்த்தேன். கரையில் நிற்கும் நான்கு இலுப்பை மரங்களும் இரவெல்லாம் பூவை உதிர்த்திருந்தன. வெளிறிய மஞ்சளில், ஊதிய முத்துப் போல, சதைப்பற்றான பூக்கள். என் சக்கரம் நசுக்கியதில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒன்றை எடுத்துத் துடைத்து வாயில் போட்டேன். முதலில் ஒரு பச்சை வாடை. அதற்குப் பின்னால் நல்ல கனத்த இனிப்பு.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். வெல்லம் வேண்டாம், பாகு வேண்டாம். இதைக் காயவைத்து, வறுத்து, இடித்தால் தானாகவே உருண்டையாகும் என்று எங்கோ படித்திருந்தேன். பூவை மட்டும் கொண்டுபோய் அக்கா வீட்டு அடுப்பிலேயே செய்தால், கேத வீட்டு அடுப்பு இதில் எங்கே வருகிறது? வகுப்புக்குப் போகவில்லை. அங்கிருந்தே அக்காவின் மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, அடுப்புல ஏறாத இனிப்பு ஒண்ணு இருக்கு. கொண்டாரலாமா?"

"அடுப்புல ஏறாம என்னத்தா இனிப்பு?"

"இலுப்பைப் பூ. பச்சையாப் பொறுக்கி, வெயில்ல காயவச்சுக் கொண்டாரேன். வறுக்கறது, இடிக்கறது எல்லாம் உங்க வீட்டுல."

அவருக்குப் பின்னால் மாடு கத்தியது. "மரத்துக்கு ஏது தீட்டு" என்றார் கடைசியில். "கொண்டா. அவளுக்கும் வாயில ஒண்ணும் எறங்க மாட்டேங்குது."

மறுநாள் விடியும்போதே பழைய சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மரத்தடியில் சேலையை விரித்து, ஏற்கெனவே விழுந்ததையும் குனிந்து பொறுக்கினேன். வெயில் ஏறிவிட்டால் பூ வாடிப் புழுதியோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குள் எறும்பு வந்துவிடும். எறும்புக்கு முன்னால் ஆடு வந்தது. ஆட்டுக்குப் பின்னால் அதை மேய்க்கிற, எங்கள் கீழத்தெருப் பெண் வந்தாள்.

"ஏ புள்ள, ஆட்டு வாயில இருக்கறதயா புடுங்குற?"

"ஆடு ஊர்ல இருக்கற எல்லாத்தயும் திங்குது. நான் இத மட்டும்தான கேக்குறேன்."

"காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"ஆமா, இதுல நான் பர்ஸ்ட் கிளாஸ்."

சிரித்தாள். பிறகு யாருக்கு என்று கேட்டாள். அக்காவுக்கு, ஏழு மாசம் என்றேன். அவள் முகம் மாறியது. அப்பாவின் கேதத்துக்கு வந்தவள், அக்கா வராததைப் பார்த்தவள். கம்பைத் தட்டி ஆடுகளை ஓட்டினாள். "இந்த மரத்த ஒனக்கு விட்டுட்டேன். அங்கிட்டு நிக்கிற மூணும் எங்களுக்கு. நாளைக்கும் இதேதான், கோடு தாண்டி வராத."

இரண்டு நாள் பொறுக்கியதில் ஒரு முறம் நிறையச் சேர்ந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"போன வருஷம் சோப்பு. அதுக்கு முன்னாடி காளான். இப்ப கண்மாய்க் கரையில கெடக்கறதா?"

"இதுல பாகு இல்லம்மா. நம்ம அடுப்பும் இல்ல. அத்தைகிட்ட கேட்டுட்டேன்."

"எல்லாரையும் கேட்ட. அவளக் கேட்டியா?" என்றாள். பிறகு உள்ளே போகும்போது, "அவ திங்க மாட்டா. நான் குடுத்துவிட்டதுன்னு நெனைப்பா" என்றாள்.

பூவின் உள்ளே மெல்லிய இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பூவாகக் கிள்ளி அதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் கரகரக்கும். நான் இருபது பூ எடுப்பதற்குள் சலித்துப் போய், இதற்கு ஏதாவது கருவி இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்து, பூவைத் தலைகீழாகப் பிடித்து ஒரே தட்டில் இழையை உதிர்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு" என்றாள் அவளாகவே.

எல்லாரும் இலுப்பைப் பூவோடு எள் சேர்க்கச் சொன்னார்கள். பிள்ளைத்தாச்சி இதைச் சாப்பிடலாமா என்று சுகாதார நிலையத்து நர்சைப் பார்த்துக் கேட்டேன். பூவைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. "சுகர் டெஸ்ட் நார்மலா? அப்ப ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கச் சொல்லு" என்றார். எள் வேண்டாம் என்று சொன்னவள் அம்மா. பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதாம். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நிலக்கடலை. அதையும் எங்கள் அடுப்பில் வறுக்காமல் பச்சையாகவே பொட்டலம் கட்டினாள்.

மாடியில் மூன்று நாள் வெயில். முத்துப் போல இருந்த பூ சுருங்கி, உலர்ந்த திராட்சை நிறத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் நான் புதுக்கோட்டையில் வகுப்பில் இருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வரும்போதே எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், நடுக்கூடத்தில் அப்பாவின் கயிற்றுக் கட்டில் கிடந்தது. அவர் போன நாளிலிருந்து சுவரில் சாத்தி வைத்திருந்த கட்டில். அம்மா அதை இறக்கிப் போட்டு, வெள்ளை வேட்டியை விரித்து, பூவைப் பரப்பி, மேலே மின்விசிறியைப் போட்டுவிட்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு சொட்டு படல" என்றாள்.

கிளம்புகிற அன்று என் புத்தி சும்மா இருக்கவில்லை. காய்ந்த பூவைப் பார்த்தால் அக்காவுக்கு என்ன தெரியும், பச்சைப் பூவும் கொஞ்சம் காட்டுவோம் என்று, முந்தின நாள் காலையில் பொறுக்கியதை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு இறுக மூடி எடுத்துக்கொண்டேன். முதல் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். பாதி வழியில் மூடி தானாக 'டப்' என்று திறந்தது. பஸ் முழுக்கச் சாராய வாடை.

கண்டக்டர் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "யாருங்க அது, காலங்காத்தால?"

பக்கத்து இருக்கை அம்மாள் என்னையும் டப்பாவையும் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ளையாட்டம் இருக்கு" என்றார் ஜன்னலைப் பார்த்து.

"பூங்க. இலுப்பைப் பூ. புளிச்சுருச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் கண்டக்டர்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அதை ஓரமாகக் கொட்டிவிட்டு, காய்ந்த பூ இருந்த துணிப்பையை மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. கறம்பக்குடி பஸ்ஸில் அக்காவிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டே போனேன்.

அக்கா வீட்டு வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்து எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் அவளுடையது இல்லாதது போல முன்னால் இருந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு வேலியைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதிரே நின்று பூ, மழை, கண்டக்டர் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய மாமியார் கொல்லையில் விறகடுப்பைப் பற்றவைத்து இரும்புச் சட்டியை ஏற்றினார். நான் பையை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"நீ தொடாத ஆத்தா. தப்பா நெனைக்காத, இது கேதக் கை. அவ வறுக்கட்டும்."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"கட்டிக் குடுத்த புள்ளைக்கு மூணு நாளோட போச்சு" என்றார் அத்தை. அதட்டிச் சொல்லவில்லை, அனுமதி கொடுப்பது போலத்தான் சொன்னார். "அவ இப்ப எங்க வீட்டுப் புள்ள. அவளுக்குக் கேதம் கெடையாது. எந்திரித்தா, நீ கிண்டு."

அக்கா எழுந்தாள். அடுப்பருகே பலகையைப் போட்டு உட்கார்ந்து, பூவைச் சட்டியில் கொட்டிக் கரண்டியால் புரட்டினாள். நான் எட்ட நின்று, அடிப் பிடிக்கும், தீயைக் குறை, ஓரத்தில் இருப்பதையும் எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"வாய் ஓயாதா ஒனக்கு?" என்றாள்.

இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூ சூடேறி மெத்தென்று ஆகி, கொல்லை முழுக்கப் பழைய வெல்லப்பானை வாசம் எழுந்தது. அதோடு அவள் கை நின்றுவிட்டது. கரண்டியைத் தரையில் வைத்தாள்.

"நான் வறுக்கல அத்தை."

"ஏத்தா, கை வலிக்குதா?"

"எனக்கும் கேதம்தான்."

அக்கா சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை. "மொகத்தப் பாக்க விடல. கருமாதிக்கு விடல. சரி, புள்ளைக்காகன்னு இருந்தேன். இப்ப கேதமே இல்லேங்கிறீங்க. அப்ப அவரு எனக்கு யாரு?"

சட்டியில் பூ கருக ஆரம்பித்தது. நான் தொடக் கூடாது, அவள் தொட மாட்டாள். சட்டியை இறக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கருகிய வாடை நன்றாக வந்த பிறகுதான் அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். அக்காவின் தோளைத் தொட்டு எழுப்பினார். அவள் எழுந்த பலகையில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தார்.

"அப்ப ரெண்டு பேரும் கேத வீட்டுக்காரவுக. அங்கிட்டுப் போயி ஒக்காருங்க. நான் செய்யிறேன்."

நாங்கள் மாட்டுக்கொட்டகைப் படியில் உட்கார்ந்தோம். அத்தை கருகியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை வறுத்தார். கடலையை வறுத்துத் தோல் புடைத்தார். இரண்டையும் உரலில் போட்டு இடித்தார்.

"இன்னும் எம்புட்டு இடிக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

"கையில ஒட்டுற பதம் அத்தை."

"நீ இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கியா?"

"இல்லங்கத்தை."

"நல்லா இருக்கு" என்று சொல்லி மறுபடி இடித்தார்.

உலக்கைச் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டாள். "ஏன் கட் பண்ண?"

பஸ்ஸில் இதற்குத்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன். "அம்மா தலைய ஆட்டுச்சு" என்றேன். சொன்னதும் அது எவ்வளவு சின்னப் பதில் என்று தெரிந்தது. "ரெண்டாவது தடவ நான் அம்மாவப் பாக்கவே இல்ல. நானாத்தான் பண்ணுனேன். எடுத்தா நீ அழுவ, என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் எழுந்து போகவில்லை.

அத்தை தேக்கிலைக் கிழிசலில் நான்கு உருண்டைகளை வைத்துக் கொண்டுவந்தார். முதலில் அக்காவிடம் நீட்டினார். "கேத வீட்டுக்காரவுக செய்யக் கூடாது. அடுத்த வீட்டுலருந்து குடுத்தா வாங்கித் திங்கணும். அதுதான் மொறை. வாங்கிக்க."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டாள்.

நான் நினைத்த அளவு அது நன்றாக இல்லை. மேலே இனிப்பு, நடுவில் கடலையின் எண்ணெய்ச் சுவை, கடைசியில் எங்கள் சண்டையில் தீய்ந்ததன் கசப்பு நாக்கில் நின்றது. இரண்டு தடவை இழையும் தட்டுப்பட்டது, அது நான் கிள்ளிய இருபதில் ஒன்றாக இருக்கும். அக்கா ஒன்றை முழுக்கத் தின்றாள். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "மொகம் எப்டி இருந்துச்சு?" என்றாள்.

என் கை தானாகப் போனுக்குப் போனது. அன்று எடுத்த படம் அதில் இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். புள்ள பொறந்தப்பறம் பாக்குறேன். இப்ப வாயால சொல்லு."

சொன்னேன். இடது கண் லேசாகத் திறந்திருந்ததைச் சொன்னேன், சித்தப்பா அதை மூடிவிட்டதையும். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. தாடையைச் சுற்றிக் கட்டிய துணியோடு பல்வலிக்காரரைப் போல இருந்தார் என்றேன். இரண்டு நாள் தாடி வெள்ளையாக இருந்தது. அப்பா சவரம் பண்ணாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக மாட்டாரே என்றாள். பிறகு அம்மா என்ன செய்தாள் என்று அவளே கேட்டாள். கால்மாட்டிலேயே நின்றாள், அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள் என்றேன். "உன்ன வராதன்னு சொன்னதும் அம்மாதான். ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பிப் பாத்ததும் அம்மாதான்."

அக்காவின் கையில் இருந்த உருண்டை சூட்டில் இளகி விரல்களில் ஒட்டியிருந்தது. அதை அவள் மெதுவாக நக்கித் தின்றாள்.

அத்தை உரலைக் கழுவியபடியே, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னார். "இவ இன்னும் ஆத்தாவக் கட்டி அழுவல. நான்தான் விடல. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு பயம். வியாழக்கெழம நானே கூட்டியாரேன். அழுதுட்டு வரட்டும்."

வியாழக்கிழமை காலையிலிருந்தே அம்மா ஒரு வேலையும் ஓடாமல் வீட்டுக்குள் நடந்தாள். கேதம் கேட்க வருகிற பெண்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். அழுகைச் சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வரும். ஆனால் அக்கா சத்தமே இல்லாமல் வந்தாள். கார் நின்றதும் கதவைப் பிடித்து இறங்கி, இடுப்பில் கை வைத்து நடந்து வந்தாள். அத்தை ஒரு அடி பின்னால் வந்தார். அம்மா தெருவுக்கு ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் கையை விரித்தார்கள். வயிறு நடுவில் இடித்தது. அம்மா பயந்து பின்வாங்கினாள். மறுபடி முன்னால் வந்து குனிந்து பார்த்தாள், அப்படியும் நெஞ்சோடு நெஞ்சு சேரவில்லை. எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் தெருவில் தடுமாறினார்கள். அப்போதுதான் அக்காவிடமிருந்து முதல் சத்தம் வந்தது, அப்பாவைக் கூப்பிட்டு. அம்மா சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, தோளோடு தோள் ஒட்டி நின்று, ஒரு கையை அவள் முதுகிலும் இன்னொரு கையை வயிற்றின் மேலும் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.